வண்டி யாருடையது என்று கேட்டார்கள்

அந்தோணியார்புரம்,
தஞ்சாவூர் ஜில்லா,
14.7.1992

என் அன்பு மகள் பாத்திமா மேரிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி லூர்துவும், போன வாரம் கன்று போட்ட நம் கறவையும் பூண்டி மாதா காவலில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் அதேபோல் சுகம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது, ஆகையால் போனில் இரண்டு வார்த்தை பேசியாயிற்று என்று கடிதத்தை நிறுத்திவிடாதே. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் எட்டிப்பார்க்கவில்லை. அப்பா தினமும் மதகு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீரை என்னமோ நான் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல் என்னை முறைக்கிறார். குறுவை இந்த வருஷம் அவ்வளவுதான், சம்பாவுக்காவது வரட்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன். லூர்துவுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்துவிட்டது, மெக்கானிக் படிப்புத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினான், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ கார் வாங்கப் போகிறாய் என்பதை நான் அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன், ஏனென்றால் முதல் தடவை அவர் நம்பவில்லை. அந்த ஹூஸ்டனில் ஆஸ்பத்திரிக்கு டியூட்டி போக பஸ் இல்லை என்று நீ எழுதியிருந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவு பெரிய ஊரில் ஒரு டவுன் பஸ் விடத் துப்பில்லையா. அது போகட்டும். இன்சூரன்ஸ் விஷயமாக அப்பாவைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்றும், உங்கள் மாநிலத்தில் நாம் பிறருக்குச் செய்கிற சேதத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் கட்டாயம், அதுவும் குறைந்தபட்சம் இவ்வளவுக்கு இருக்க வேண்டும் என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது என்றும், நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு எடுப்பது அவரவர் விருப்பம், ஆனால் கடன் கொடுக்கிற பாங்க் அதையும் எடு என்று சொல்கிறது என்றும் எழுதியிருந்தாய். இன்சூரன்ஸ் இல்லாத ஒருவன் வந்து உங்கள்மேல் மோதினால் அதற்கும் ஒரு காப்பு உண்டாம், அது வேண்டாமென்றால் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை சட்டம் கேட்கிற குறைந்தபட்சமே போதும் என்கிறார், உனக்கு மனசு ஒப்பவில்லை, இதுதானே கேள்வி. இதற்குப் பதில் எழுத அப்பா முதலில் தானே உட்கார்ந்தார். மகளுக்கு என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன். எழுத வேண்டுமென்றால் உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். விபத்தில் அப்பா வண்டிக்குச் சின்ன அடி, ஆளுக்கு ஒன்றுமில்லை என்று அப்போது எழுதினோம் அல்லவா, நீ போன புதிது, ஆஸ்பத்திரி வேலையில் நின்றுகொண்டு அழுவாயே என்று அப்படி எழுதினோம். இப்போது எல்லாம் முடிந்து, போன மாதம் தீர்ப்பும் வந்துவிட்டது. எனக்கு இன்னும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை.

அந்த வண்டி நீ சிறுபிள்ளையில் பார்த்ததுதான், மேலப்பண்ணையின் கறுப்பு அம்பாசிடர். பண்ணையில் பெரியவர் இருந்த காலத்தில் அது ரோட்டில் வந்தால் உன் தாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டை விட்டு வயலில் இறங்கி நிற்பார். அப்பா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே சேற்றில் நின்றிருக்கிறார். பெரியவர் போன பிறகு மகன் ரெத்தினம், பெட்ரோல் விற்கிற விலைக்கு இந்த யானையைக் கட்டித் தீனி போட முடியாது என்று விற்கப் போகிறார் என்ற செய்தி வந்ததும் உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு எதற்குக் கார் என்று நான் கேட்டதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நீ அமெரிக்கா போன மறு பொங்கலுக்கு வண்டி நம் வாசலில் நின்றது. தெருவே கூடி வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஆனால் பேரை மாற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் ரெத்தினம் பேர், இன்சூரன்ஸும் அவர் பேரில் அவர் கட்டியது, அந்த வருஷம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஏன் மாற்றவில்லை என்றால், அந்த நம்பரைப் பார்த்ததும் போலீஸ்காரன் கையைக் காட்டி நிறுத்துவதில்லை, சல்யூட் வைக்கிறான், பேரை மாற்றினால் அது போய்விடும் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. நம் ஜனங்களுக்கு அது ஊறின பழக்கம். குடியிருப்பது நாம், மனைக்கட்டு அவர்கள் பேர். உழுவது நாம், அடங்கல் கணக்கில் அவர்கள் பேர். நம்முடைய ஆறு மா நிலத்துக்குக் குத்தகைதாரர் என்று தன் பேரை எழுத வைப்பதற்காக அப்பா அந்த நாளில் அடிபட்டு, அறுவடை நேரத்தில் திருச்சி ஜெயிலில் கிடந்து, கடைசியில் அந்த நிலத்தையே கிரயமும் வாங்கினார். அப்பேர்ப்பட்ட மனுஷர் காருக்குப் பேரை மாற்றச் சோம்பல் பட்டார் என்றால் யாரிடம் சொல்லி அழ.

சித்திரை மாதம் அது. ரோடு முழுக்க உளுந்தும் பயறும் பரப்பியிருக்கும், உனக்குத்தான் தெரியுமே. செடியைப் பிடுங்கி ரோட்டில் போட்டுவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுக்கும், அடிக்கிற கூலி மிச்சம். இதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள். அப்பா தஞ்சாவூரிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தார், வேகமும் இல்லை. பக்கத்து ஊர் காளியம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை, கூலிக்குச் செடி புரட்டிக்கொண்டு நின்றாள். இவர் ஹாரன் அடித்தார், அவள் ஒதுங்குவதற்குப் பதிலாக ஓரத்தில் கிடந்த கம்பை எடுக்கக் குறுக்கே வந்தாள், இவர் பிரேக்கை மிதித்தார். காய்ந்த உளுந்துச் செடியில் சக்கரம் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கிக்கொண்டு போய் அவளைத் தட்டிவிட்டுப் புளியமரத்தில் முட்டியது. அப்பாவுக்கு நெற்றியில் கீறல். அவளுக்குத் தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. மோதின வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறவர்களைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்த பஸ்ஸை மறித்து ஏற்றி மெடிக்கல் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அவள் ரத்தம் பட்ட சட்டையோடு தானே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்.

உன் தொழில்தான் என்றாலும் சொல்கிறேன், அந்த ஆஸ்பத்திரியில் அவள் தொடைக்குள் ஒரு இரும்புக் கம்பியை வைத்துத் தைத்தார்களே, அந்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நான்தான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன், நான்தான் தலை சீவிவிட்டேன். புருஷன் இல்லாதவள், ஒரே மகள் அம்சம், அதுவும் கட்டிக்கொடுத்த இடத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறது. இப்படியிருக்கையில் ஒருநாள் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. காளியம்மாள் நம் பேரிலும் ரெத்தினம் பேரிலும் இன்சூரன்ஸ் கம்பெனி பேரிலும் இழப்பீடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறாள் என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கஞ்சித் தூக்கை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய், ஏன்டி, என் கையால கஞ்சி குடிச்சிட்டு என் குடும்பத்து மேலயே கேசு போடுவியா என்று வார்டிலேயே கேட்டுவிட்டேன். அவள் பயந்துபோய், எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா, அம்சம்தான் வக்கீலைப் பாத்துச்சு, உங்ககிட்ட வாங்கறதுக்கு இல்லையாம், கம்பெனிக்காரன்கிட்ட வாங்கறதுக்குத்தானாம் என்றாள். இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தவர் வக்கீல் அப்துல் மஜீது. கூத்தாநல்லூர்க்காரர், தஞ்சாவூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வீடு, அவர் சம்சாரம் ஆசியா நம்மைத் திரும்ப விடாமல் சாப்பிட வைத்துத்தான் அனுப்பும். அவர் சொன்னார், அம்மா, இன்சூரன்ஸ் எழுதிக் கொடுக்கிறதுல மூணு ஆள் உண்டு, முதல் ஆள் வண்டிக்காரர், ரெண்டாவது ஆள் கம்பெனி, மூணாவது ஆள் யாருன்னு எழுதறப்போ யாருக்குமே தெரியாது, ரோட்டுல போற யாரோ ஒருத்தர், அந்த ஆளுக்காகத்தான் சர்க்கார் கட்டாயம்னு வச்சிருக்கு, உங்க வண்டி உடைஞ்சா உங்க பாடு, அதுக்கு எடுத்தாலும் எடுக்கலாம் விட்டாலும் விடலாம், அந்த மூணாவது ஆளுக்கு எடுக்காம வண்டியை ரோட்டுல ஏத்தக் கூடாது என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அயலாரை நேசி என்று கோயிலில் எத்தனை பூசையில் கேட்டிருக்கிறேன், கேட்டுவிட்டு வந்து அடுத்த வீட்டுக்காரியோடு கோழிக்குச் சண்டை போட்டிருக்கிறேன். முகம் தெரியாத ஒரு கூலிக்காரிக்கு, அவள் அடிபடுவதற்கு முன்னாலேயே, அடிக்கப்போகிறவன் காசு கட்டி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து, முத்திரை குத்திச் சட்டமாகப் போட்டிருக்கிறானே. சட்டம் என்றால் நமக்கு லத்தியும் ஜப்தியும்தான். அதற்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் பண்ணை வண்டி மாடு முட்டி நம் தெரு ஆள் ஒருவர் செத்துப்போனதற்குக் கொடுத்தது ஒரு மூட்டை நெல், அதையும் கும்பிட்டு வாங்கினோம் என்று என் மாமியார் சொன்னது ஞாபகம் வந்து, ஆசியா வைத்த பிரியாணியைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டேன்.

ஆனால் மஜீது அதோடு நிறுத்தவில்லை. கம்பெனி தப்பிக்கப் பார்க்கிறது என்றார். நாங்கள் பாலிசி கொடுத்தது ரெத்தினத்துக்கு, அவர் வண்டியை விற்றுவிட்டார், எங்களுக்குத் தகவல் இல்லை, பேர் மாறவில்லை, விற்ற அன்றைக்கே பாலிசி செத்துப்போயிற்று, ஆகையால் ஓட்டினவரே கொடுக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. முன்பெல்லாம் இப்படிச் சொல்லிக் கம்பெனிகள் ஜெயித்ததும் உண்டாம். இப்போது புதிதாக ஒரு மோட்டார் சட்டம் வந்திருக்கிறது, அதில் நமக்குச் சாதகமாக ஒரு பிரிவு இருக்கிறது, ஆனா ஜட்ஜ் அதை எப்படி எடுத்துக்குவார்னு நான் சத்தியம் பண்ண முடியாது என்றார். கம்பெனி கொடுக்காவிட்டால் நாம் கொடுக்க வேண்டும். நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது, அந்த ஆறு மா நிலம்தான் இருக்கிறது. அது போனால் அப்பா மறுபடி எவன் வயலிலாவது போய் நிற்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ரெத்தினம் வீடு தேடி வந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து காப்பியும் குடித்தார், அவர் தகப்பனார் நம் தெருப்பக்கம்கூட வந்ததில்லை. வந்து, எதுக்கு இவ்ளோ சிக்கல், வித்ததுக்கு என்ன ஆதாரம், கைக்கடுதாசிதானே, அதைக் கிழிச்சுப் போட்டுடலாம், வண்டி மேலப்பண்ணை வண்டி, குழந்தைராஜ், நீ என் டிரைவருன்னு நீயும் சொல்லு நானும் சொல்றேன், கம்பெனி வாயைப் பொத்திக்கிட்டுக் குடுக்கும், நீ நம்ம பண்ணை ஆளுதானப்பா என்று சொன்னார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். ரெத்தினம் போன பிறகு நான்தான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். சொல்லித் தொலைங்களேன், ஒரு வார்த்தை, சொன்னா வாயா வெந்துடும், காளியம்மாளுக்கும் காசு வரும், நிலமும் நிக்கும் என்றேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்க அப்பா அந்த வண்டிக்கு ஒதுங்கி நின்னாரு, நான் அதுல டிரைவரா, என்றார். அதோடு விட்டாரா, நேரே காளியம்மாளிடம் போய், நான் உண்மையைச் சொன்னா கம்பெனி கைவிட்டாலும் விடும், விட்டா என் நிலத்தை வித்து உன் வைத்தியத்தைப் பாத்துக்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவள், நீங்க எதை வேணா சொல்லிக்குங்க, எனக்கு வைத்தியம் நிக்கக் கூடாது என்றாளாம், அவள் கவலை அவளுக்கு. இதைக் கேட்டதும் நான் போட்ட சத்தத்தில் கொல்லையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நிலம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா, அதுக்காக நானும்தானே பட்டினி கிடந்தேன், உங்க வீம்புக்கு லூர்து எந்தப் பண்ணையில போய் நிக்கறது என்று கேட்டேன். சாட்சி சொல்லப் போகிற அன்று காலைவரை அழுதுகொண்டுதான் இருந்தேன்.

தஞ்சாவூர் கோர்ட்டில் உயரத்தில் ஃபேன் சுற்றுகிறது, ஒருவருக்கும் காற்று வருவதில்லை. ஜட்ஜ் நரைத்த தலை, சன்னக் குரல், மனுஷர் ஒரு தடவைகூட அதட்டவில்லை. காளியம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்து வராந்தாவில் வைத்திருந்தார்கள். அப்பா கூண்டில் ஏறி நின்றார். கம்பெனி வக்கீல் இளம் வயசு, நல்ல இஸ்திரிச் சட்டை, சுற்றி வளைத்து எதெதையோ கேட்டுவிட்டு, நீங்கள் மேலப்பண்ணை ரெத்தினத்திடம் டிரைவர் வேலை பார்க்கிறீர்களா, சரியாகச் சொல்லுங்கள், அந்த வண்டி யாருடையது என்று கேட்டார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெத்தினமும் எனக்கு முன் பெஞ்சில் இருந்தார். உன் அப்பா, என்னுதுங்க, பொங்கலுக்கு வாங்கினேன், பேருதான் மாத்தல, நான் யாருக்கும் டிரைவர் இல்லீங்க என்றார். குரல் கணீரென்று இருந்தது. கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடிக்கச் சொன்னால் ஓடி ஒளிகிற மனுஷர். எனக்கு நிலம் போயிற்று என்று ஒரு பக்கம் தோன்றியது, இன்னொரு பக்கம் எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பிறகு கூப்பிடப்பட்ட ரெத்தினமும், ஆமாம் வித்துட்டேன் என்று ஒத்துக்கொண்டார், அதற்காகவும் அவரை நான் மறக்க மாட்டேன். பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பார்த்த மனுஷரை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது, அதுதான் விஷயம்.

தீர்ப்பு போன மாதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை மஜீது நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். வண்டி கை மாறினால் அந்த இன்சூரன்ஸும் கூடவே கை மாறியதாகத்தான் புதுச் சட்டம் கொள்கிறதாம். விற்றவரும் வாங்கினவரும் சொல்ல மறந்தால் அது அவர்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு, ரோட்டில் நின்ற பெண்ணுக்கு வண்டி யார் பேரில் இருக்கிறது என்று எப்படித் தெரியும், மற்றவர்கள் செய்த தப்புக்கு அவள் காலை எப்படிப் பலிகொடுப்பது என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். உளுந்தை ரோட்டில் பரப்பினதும் தப்புத்தான் என்று அதற்குக் கொஞ்சம் குறைத்துவிட்டு மீதியைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று முடித்திருந்தார். மஜீது படித்து முடித்ததும் அப்பா அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார், இங்கிலீஷ் அவருக்குப் படிக்கத் தெரியாது. நாம் இங்கே அழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்த நாளெல்லாம் அந்தச் சட்டம் முன்னாலேயே வந்து நமக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது, பாத்திமா. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. பொய் சொல்லியிருந்தாலும் காசு வந்திருக்கும், ஆனால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. வண்டிக்கு மட்டும் ஒரு பைசா வரவில்லை. வண்டிச் சேதத்துக்கு எடுத்த பகுதி ரெத்தினத்துக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், பேர் மாற்றாத உங்களுக்கு அதில் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். அம்பாசிடரைக் காயலான் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போனான். காளியம்மாள் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். போன வாரம் நம் வீட்டுக்கு வந்து, கறவையின் சீம்பால் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், கூச்சம் ஒன்றும் இல்லை அவளுக்கு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உயிருக்கும் உடம்புக்கும் கம்பெனி கொடுப்பதற்குச் சட்டம் அளவு வைக்கவில்லை என்று மஜீது சொல்கிறார். உங்கள் ஊரில் அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குமேல் ஆனால் உன் சம்பளத்திலும் சேமிப்பிலும் கை வைப்பார்கள். ஆகையால் சட்டம் சொல்கிற குறைந்தபட்சத்தோடு நிறுத்தாதே. குறைந்தபட்சம் என்பது உன்னை ரோட்டில் விடுவதற்குச் சர்க்கார் கேட்பது, அடிபட்டவருக்கு அது காணுமா என்று அது கேட்பதில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு என்று மாப்பிள்ளைக்குத் தெரியாவிட்டாலும் நர்ஸாக இருக்கிற உனக்குத் தெரியும். பிறருக்கான காப்பை உன்னால் முடிந்தமட்டும் உயர்த்திப் போடு. இன்சூரன்ஸ் இல்லாதவன் மோதினால் என்று ஒன்று சொன்னாயே, அதை வேண்டாம் என்று கையெழுத்துப் போடாதே, ஊரில் நம்மைப்போல் பேர் மாற்றாதவன், காசு கட்டாதவன் எத்தனை பேரோ. உன் வண்டிக்கு வரும் சேதத்துக்குக் கடன் தீரும்வரை பாங்க் சொல்கிறபடி செய், பிறகு வண்டி பழசானதும் அதைக் குறைத்துக்கொள்ளலாம், வண்டி போனால் இன்னொரு வண்டி. யார் யார் ஓட்டுவார்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கேட்டார்கள் என்று சாவியைத் தூக்கிக் கொடுக்காதே. வீடு மாறினால், வேறு மாநிலத்துக்குப் போனால் அன்றைக்கே கம்பெனிக்கு எழுது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதே, நீயே யோசித்ததாகச் சொல், ஆண்பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னால்தான் இறங்கும்.

பேரனுக்குக் குளிருக்கு முன்னால் காதுக்குல்லா பின்னி அனுப்புகிறேன், தலை அளவை நூலில் எடுத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்துவிடாதே. வண்டி எடுக்கிற அன்று முதலில் மாதா கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்து, பிறகு எங்கே வேண்டுமானாலும் போ. ரோட்டில் குறுக்கே வருகிறவர் யாராக இருந்தாலும் அவரும் ஒரு வீட்டுக்கு வேண்டியவர் என்பதை மட்டும் மறக்காதே. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், போகிற பாதையெல்லாம் காவல் சம்மனசுகள் கூட வர, நீண்டகாலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
கு. சகாயம்மாள்

பாத்திமா, ஒட்டுவதற்கு முன் வாங்கி அப்பா எழுதுகிறேன். அம்மா எழுதியது எல்லாம் சரி, அப்படியே செய். ஒன்று மட்டும் தப்பு. கூண்டில் நின்றபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறாள். பார்க்கவில்லை. அன்று காலை அவள் அழுததைப் பார்த்துவிட்டு, சரி, ரெத்தினத்தின் டிரைவர் என்றே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டுதான் நான் பஸ் ஏறினேன். வக்கீல் கேட்டதும் அவள் பக்கம் திரும்பினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு டிரைவர் என்ற பதில் வாயில் வரவில்லை.

அப்பா,
ம. குழந்தைராஜ்